ஆடி பிறக்கும் முன்: காற்றாலைப் பராமரிப்பில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

பணகுடி, வள்ளியூர், ராதாபுரம், பழவூர், அந்தப் பக்கம் கயத்தாறு, ஆலங்குளம், சுரண்டை என்று நெல்லைச் சீமையில் ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்த பிள்ளைகளில் பலருக்கு முதல் வேலை காத்தாடியில்தான் கிடைக்கிறது. சேர்ந்த அன்றைக்கு ஹெல்மெட், ஷூ, பெல்ட் கொடுப்பார்கள். பாதுகாப்பு வகுப்பு நடக்கும். அடுத்த நாள் ஒரு சீனியரின் பைக்கில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். இந்த போல்ட்டை முறுக்கு, அந்த கிரீஸைப் போடு என்று வேலை சொல்ல ஆள் உண்டு. எந்த வேலையை எந்த மாதத்தில், எதற்காகச் செய்கிறோம் என்று உட்கார வைத்துச் சொல்ல ஆள் குறைவு. அதற்காகத்தான் இது.

முதலில் காற்றுக் கணக்கு

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, இடைவெளி கிடைத்த இடத்தில் பிய்த்துக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருவது முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி, ராதாபுரம் வட்டாரத்துக்கு. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருவது தென்காசி, சுரண்டை, ஆலங்குளம், கயத்தாறு வட்டாரத்துக்கு. மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை சீசன். அதிலும் ஆனி, ஆடி, ஆவணிதான் உச்சம்.

காற்றில் இருக்கும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். நொடிக்கு 5 மீட்டர் வேகம் 10 மீட்டரானால், திறன் இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்காகும். ஆகவே மாசி மாதத்தில் ஒரு நாள் மிஷின் நிற்பதும் ஆடியில் ஒரு நாள் நிற்பதும் ஒன்றல்ல.

ஒப்பந்தங்களில் '97 சதவீதம் கிடைப்பு' என்று எழுதியிருப்பார்கள். அதாவது, ஆண்டில் அத்தனை சதவீத நேரம் மிஷின் ஓடத் தயாராக இருக்க வேண்டும். ஆண்டுக்கு 8760 மணி நேரம். அதில் 3 சதவீதம் என்றால் ஏறக்குறைய 263 மணி, அதாவது பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் பிப்ரவரியில் வந்தால் முதலாளிக்குத் தெரியவே தெரியாது. ஜூலையில் வந்தால் அந்த வருட வருமானத்தில் ஓட்டை. காகிதத்தில் இரண்டுக்கும் 97 சதவீதம்தான். மாதாந்தர அறிக்கையில் அந்த எண்ணைப் பார்க்கும்போது, எத்தனை மணி நேரம் நின்றது என்பதோடு, அப்போது எவ்வளவு காற்று அடித்தது என்றும் கேளுங்கள். இழந்த யூனிட்டைக் கணக்கிடும் முறை உலகத் தரத்திலேயே இருக்கிறது, ஐ.இ.சி. 61400 வரிசையின் 26-ஆம் பகுதியில்.

இதைவிடப் பெரிய சங்கதி கிரேன். கியர்பாக்ஸையோ பிளேடையோ இறக்கி ஏற்ற காற்று அடங்கியிருக்க வேண்டும். பெரும்பாலும் நொடிக்கு 10 மீட்டருக்குக் கீழே, பிளேடு என்றால் இன்னும் குறைவாக. ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, கிரேன் தூக்காது. ஜூன் கடைசியில் கியர்பாக்ஸ் உடைந்த மிஷினுக்குப் பணம் இருக்கலாம், உதிரி இருக்கலாம், ஆளும் இருக்கலாம். காற்று குறையும்வரை அது கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கும். பக்கத்து மிஷின்கள் எல்லாம் முழு லோடில் ஓடும்போது ஒன்று மட்டும் நிற்பதை நாற்கரச் சாலையில் போகிறவன்கூடப் பார்த்துவிட்டுப் போவான்.

அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை நாம் செய்கிற எல்லா வேலைக்கும் காரணம் இதுதான்: கிரேன் வேண்டிய பழுது எதுவும் சீசனுக்குள் போகக் கூடாது. இனி சொல்லப்போவதையெல்லாம் இந்தக் கண்ணோடு படியுங்கள்.

படி 1: உங்கள் மிஷின் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே வயலில் மூன்று தலைமுறை மிஷின்கள் நிற்கிற ஊர் இது. 1990-களில் வந்த 225, 250 கிலோவாட் மிஷின்களில் பல இன்னும் சுற்றுகின்றன. இவற்றில் பலவற்றில் பிளேடு தன் அச்சில் திரும்பாது. காற்று மிஞ்சினால் பிளேடின் வடிவமே விசையைக் குறைத்துவிடும். நிறுத்துவதற்குப் பிளேடு நுனி மட்டும் திரும்பும். ஜெனரேட்டர் நேரடியாக ஈ.பி. லைனோடு சேர்ந்திருக்கும், கூடவே கெப்பாசிட்டர் வரிசை. இந்த மிஷினில் பார்க்க வேண்டியவை: நுனி பிரேக்கின் ஹைட்ராலிக், கான்டாக்டர், உப்பிய கெப்பாசிட்டர். கெப்பாசிட்டர் போனாலும் மிஷின் ஓடும், ஆனால் லைனிலிருந்து ரியாக்டிவ் பவரை (காந்தப்புலத்துக்கு மட்டும் பயன்படும் மின்திறனை) இழுக்கும், அதற்கு ஈ.பி. தனியாகக் காசு கேட்கும். ஓடுகிற மிஷினிலும் நஷ்டம் வரும் என்பதற்கு இது நல்ல பாடம்.

அடுத்தது, பிளேடு திரும்பும் பெரிய மிஷின்கள். கியர்பாக்ஸ், ஸ்லிப் ரிங் (சுற்றும் பகுதிக்கு பிரஷ் வழியே மின்சாரம் கடத்தும் வளையம்) வைத்த ஜெனரேட்டர், கன்வெர்ட்டர். இன்று அதிக ஆள் வேலை பார்ப்பது இவற்றில்தான். இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் இவற்றைப் பற்றித்தான். மூன்றாவது ரகம் கியர்பாக்ஸே இல்லாதது. பெரிய வளையம்போல ஜெனரேட்டர் மெதுவாகச் சுற்றும். கியர் எண்ணெய்த் தலைவலி இல்லை. எலக்ட்ரானிக்ஸ் தலைவலி உண்டு.

உங்கள் மிஷினின் சர்க்யூட் டயகிராமையும் பராமரிப்புக் கையேட்டையும் முதல் மாதத்திலேயே வாங்கி வையுங்கள். நான் இங்கே சொல்லும் எந்த அளவும் அந்தக் கையேட்டுக்கு மேல் அல்ல.

படி 2: ஏறும் முன்

இதில் விவாதம் கிடையாது. தனியாக ஏறக் கூடாது. மிஷினை நிறுத்தி, ரிமோட்டைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். கன்ட்ரோல் ரூமில் இருப்பவன் உங்களை மறந்துவிட்டு ஸ்டார்ட் கொடுக்க வழி இருக்கக் கூடாது. பிளேடுகள் சேரும் ஹப்புக்குள் போவதானால், ரோட்டரைச் சுற்றவிடாமல் பூட்டும் ரோட்டர் லாக் கண்டிப்பாக விழுந்திருக்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி உள்ளே தலையை நீட்டக் கூடாது. கையேட்டில் சொன்ன காற்று வேகத்துக்கு மேல் லாக் போடவே கூடாது. மேற்கே மலைக்கு மேல் கருமேகம் கூடி இடி கேட்டால் இறங்கிவிடுங்கள், பாதி வேலையாக இருந்தாலும் சரி. சித்திரை வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசியிலும் மின்னல் அதிகம்.

சித்திரை மதியத்தில் டவர் உச்சியில் இருக்கும் மிஷின் அறையான நாசெல்லுக்குள் உட்கார்ந்தால் தண்ணீர் கேனுக்கே காய்ச்சல் வரும். அதிகாலையிலேயே ஏறி, பத்து பதினோரு மணிக்குள் இறங்கிவிடும்படி வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். களைத்த ஆள் போட்ட டார்க்கை, அதாவது போல்ட் முறுக்கை, நான் நம்புவதில்லை.

படி 3: ஃபால்ட் லிஸ்ட்டைப் படிக்கப் பழகுங்கள்

ஜெர்மனியில் 1989-இல் தொடங்கி பல ஆண்டுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட காற்றாலைகளின் பழுதுகளை உட்கார்ந்து கணக்கெடுத்தார்கள். ஒரு நாளுக்குள் சரியாகிவிடும் சின்னப் பழுதுகள் எண்ணிக்கையில் முக்கால் பங்கு. ஆனால் நின்ற நேரத்தில் அவற்றின் பங்கு 5 சதவீதம்தான். மீதிக் கால் பங்குப் பழுதுகள்தான் 95 சதவீத நேரத்தைத் தின்றன. சென்சார், ஃப்யூஸ், கன்ட்ரோல் கார்டு அடிக்கடி போகும், சீக்கிரம் வரும். கியர்பாக்ஸ், ஜெனரேட்டர், பிளேடு எப்போதாவது போகும், போனால் போனதுதான்.

இதைப் படித்துவிட்டு, சின்ன ஃபால்ட்டைப் பற்றிக் கவலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய பழுது முதலில் சின்ன ஃபால்ட்டாகத்தான் வந்து கதவைத் தட்டும். நைட் ஷிஃப்டில் நடக்கிற பேச்சு ஒன்று உண்டு, எந்த சைட்டிலும் கேட்கலாம்:

"அண்ணாச்சி, பதினாலாம் நம்பர் நின்னுட்டு."

"என்ன ஃபால்ட்டு?"

"ஜெனரேட்டர் பேரிங் டெம்பரேச்சர்."

"கொஞ்ச நேரம் ஆற விட்டு ரீசெட் குடுடே."

"இது மூணாவது ரீசெட்டு அண்ணாச்சி."

"காத்து இருக்குல்லா? குடு, ஓடட்டும். காலைல பாப்போம்."

பல் வலிக்குக் கிராம்பு வைத்துக்கொண்டு படுப்பதுபோல. காலையில் வேறு மிஷின் நின்றிருக்கும், பதினாலை எல்லாரும் மறந்திருப்பார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு சைட்டில் இப்படி ஆற விட்டு ஆற விட்டு ஓட்டிய ஜெனரேட்டரில் பேரிங் சிக்கி, ஷாஃப்ட்டையும் கெடுத்து, கடைசியில் ஜெனரேட்டரையே இறக்க வேண்டி வந்தது. பேரிங்கை மட்டும் மாற்றுவதானால் மேலேயே வைத்து மாற்றியிருக்கலாம். ஜெனரேட்டரை இறக்க கிரேன் வேண்டும். கிரேனுக்குக் காற்று அடங்க வேண்டும். ஆவணி முடியும்வரை அது நின்றது.

ஆகவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மிஷினில் ஒரே ஃபால்ட் ஒரு நாளில் இரண்டாம் முறை வந்தால், காரணம் பார்க்காமல் மூன்றாவது ரீசெட் கிடையாது. வெப்பம், அதிர்வு, எண்ணெய் அழுத்தம், பிட்ச் (பிளேடைத் திருப்பும் அமைப்பு), ஓவர்ஸ்பீட் சம்பந்தப்பட்ட ஃபால்ட்டுக்கு முதல் முறையே ரீசெட்டுக்கு முன் விவரம் பார்க்க வேண்டும். சீனியர் திட்டினால் திட்டட்டும்.

லாக் புக்கில் 'ரீசெட் செய்தேன், ஓடுகிறது' என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். ஃபால்ட் வந்த நேரம், அப்போது காற்று வேகம், எத்தனை கிலோவாட் ஓடிக்கொண்டிருந்தது, வெப்பநிலைகள், என்ன பார்த்தீர்கள், எதை மாற்றினீர்கள், பழைய உதிரியின் நிலை என்ன என்பதை எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கத்தைத் திறப்பவனுக்கு அது உதவ வேண்டும். பெரும்பாலும் திறப்பது நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

படி 4: ஐப்பசி, கார்த்திகையில் எண்ணெய் பேசுவதைக் கேளுங்கள்

சீசன் முடிந்து மிஷின் களைத்து நிற்கும் நேரம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். கயத்தாறுப் பக்கம் கரிசல் காடு சேறாகிவிடும். பைக்கே போகாது, கிரேன் எங்கே போகும்? பெரிய வேலைக்கு இது காலமில்லை. எந்த மிஷினுக்குப் பெரிய வேலை வேண்டும் என்று கண்டுபிடிக்க இதுதான் காலம்.

கியர்பாக்ஸ் எண்ணெயில் சாம்பிள் எடுங்கள். மிஷின் ஓடி நின்ற சிறிது நேரத்துக்குள், எண்ணெய் சூடாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். நாள் கணக்கில் நின்ற மிஷினில் எடுத்தால் துகள் எல்லாம் அடியில் படிந்திருக்கும், ரிப்போர்ட் பளிச்சென்று வரும், பொய்யாக. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் எடுங்கள். குழாயில் தங்கியிருக்கும் முதல் எண்ணெயை வேறு டப்பாவில் விட்டுவிட்டு, அதன் பிறகு வருவதைச் சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து வருகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்த ரிப்போர்ட்டில் தண்ணீர் அதிகம் என்று வந்தால் யாரைக் குறை சொல்வது?

ரிப்போர்ட் வந்ததும் 'நார்மல்' என்ற முத்திரையோடு நிறுத்திவிடாதீர்கள். போன தடவை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு என்று பாருங்கள். இரும்பு ஏறினால் கியர் பல்லோ பேரிங்கோ தேய்கிறது. செம்பு ஏறினால் பேரிங்கின் பித்தளைக் கூண்டைச் சந்தேகப்படலாம். சிலிக்கன் ஏறினால் தூசி உள்ளே போகிறது. தேரி மணலும் செம்மண்ணும் பறக்கிற ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் இதை அடிக்கடி பார்ப்பீர்கள். அப்போது மூச்சுக்குழாய் வடிகட்டியைப் பாருங்கள். அதில் இருக்கும் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் நிறமாகியிருந்தால் ஈரம் குடித்துக் களைத்துவிட்டது என்று பொருள். சில புதிய வகைகளில் ஆரஞ்சு நிறம் பச்சையாகும். மாற்றும் செலவு சொற்பம்.

காந்த பிளக்கைக் கழற்றினால் ஒரு கறுப்புப் பசை ஒட்டியிருக்கும். அதை விரலில் எடுத்து வெயிலில் பிடித்துத் தேயுங்கள். வெறும் பசையாக, மாவாக இருந்தால் சாதாரணத் தேய்மானம். சுருக்குச் சுருக்கென்று குத்தினாலோ, மீன் செதிலைப்போலத் தட்டையாக மின்னும் துண்டு ஒன்று தென்பட்டாலோ, அங்கே வேலை நிற்க வேண்டும். பேரிங்கின் பாதையிலிருந்தோ பல்லின் முகத்திலிருந்தோ தோல் உரிகிறது. அந்தத் துண்டைத் துடைத்து எறிந்துவிடாதீர்கள். ஒரு கவரில் போட்டு, மிஷின் எண்ணும் தேதியும் எழுதி மேலே அனுப்புங்கள்.

இதற்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்றால், பல கியர்பாக்ஸ்களில் முதலில் போவது ஜெனரேட்டர் பக்கம் இருக்கும் வேகமான ஷாஃப்ட்டின் பேரிங். அதை ஆரம்பத்திலேயே பிடித்தால், பல மாடல்களில் கியர்பாக்ஸை இறக்காமல் மேலேயே மாற்றிவிடலாம். விட்டுவிட்டால் உதிர்ந்த இரும்பு எண்ணெயோடு சுற்றி உள்ளே இருக்கும் பிளானட்டரி பகுதி வரை போய்ச் சேரும். அப்புறம் முழு கியர்பாக்ஸும் கீழே வர வேண்டும். மேலேயே மாற்றுவதற்கும் கிரேன் கூப்பிடுவதற்கும் நடுவில் இருப்பது ஒரு சாம்பிள் பாட்டில்.

எண்டோஸ்கோப் (உள்ளே விட்டுப் பார்க்கும் கேமரா) இருந்தால் இப்போதே எல்லாப் பல்லையும் படம் எடுத்து வைத்துவிடுங்கள். நல்ல பல்லின் படமும் வேண்டும். அடுத்த வருடம் ஒப்பிட அதுதான் ஆதாரம்.

படி 5: மார்கழியிலிருந்து மாசி வரை

மழை விட்டதும் பாதை காயும், காற்றும் அடங்கியிருக்கும். கிரேன் வேலை, பிளேடு வேலை, அலைன்மென்ட் எல்லாம் இப்போது.

பிளேடை முதலில் தரையிலிருந்தே பார்க்கலாம், ட்ரோன் இல்லாவிட்டாலும் நல்ல பைனாகுலர் போதும். அதற்கும் முன்னால் காதைக் கொடுங்கள். மிஷின் ஓடும்போது டவருக்குக் கீழே காற்றுக்குப் பக்கவாட்டில் நின்று கேட்டால், மூன்று பிளேடும் ஒரே மாதிரி 'ஸ்ஸ்' என்று போக வேண்டும். ஒன்று மட்டும் விசில் அடித்தால் அதன் முன்விளிம்பு அரித்திருக்கலாம், அல்லது மின்னல் ஓட்டை போட்டிருக்கலாம். மணல் காற்றும் மழைத்துளியும் முன்விளிம்பை அரிப்பது இங்கே சாதாரணம். அரித்த பிளேடு மின்சாரத்தையும் குறைக்கும், உள்ளே ஈரத்தையும் விடும்.

பிளேடு நுனிப் பக்கம் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை உண்டு. இதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். செம்மண் தூசியும் கிரீஸும் சேர்ந்து அதை அடைத்துவிடும். உள்ளே தேங்கிய தண்ணீர் இருக்கும் பிளேடில் மின்னல் விழுந்தால், தண்ணீர் நொடிக்குள் ஆவியாகிப் பிளேடை உள்ளிருந்தே பிளந்துவிடும். கயிற்றில் இறங்கி பிளேடைப் பார்க்க ஆள் வரும்போது, அந்தத் துளையைக் குத்திவிட்டுப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். மின்னல் வாங்கியின் வட்டத் தகடு உருகியிருக்கிறதா, அங்கிருந்து அடிவரை கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா என்பதையும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

போல்ட் டார்க் பற்றி ஒன்று. டார்க் போட்டதும் போல்ட் தலை, வாஷர், பிளாஞ்ச் மூன்றையும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். அடுத்த தடவை கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்தது பார்த்ததுமே தெரிந்துவிடும், மீட்டரே வேண்டாம். சாம்பிளுக்குச் சில போல்ட்களைச் சோதிக்கும்போது ஒன்று சுற்றினால், அந்த வளையம் முழுவதையும் சோதிக்க வேண்டும். உடைந்த போல்ட்டை மாற்றும்போது இரண்டு பக்கமும் உள்ளதையும் மாற்றுங்கள். உடைந்ததன் சுமையை அவைதான் இவ்வளவு நாள் தாங்கியிருக்கும். டார்க் ரெஞ்ச்சின் கேலிப்ரேஷன் தேதி தாண்டியிருந்தால் அன்றைய உழைப்பு வீண்.

கிரீஸ் விஷயத்தில் தாராளம் ஆகாது. அதிகம் போட்டாலும் பேரிங் சூடாகும். கிரீஸ் வெளியேறும் வழி அடைத்திருந்தால் அது ஜெனரேட்டர் வைண்டிங்குக்குள் போகும். இரண்டு கம்பெனி கிரீஸைக் கலக்கவே கூடாது. சோப்பு வகை ஒத்துப்போகாவிட்டால் இரண்டும் இளகி ஓடிவிடும். கிடங்கில் எது இருந்ததோ அதைப் போட்டேன் என்பது பதில் அல்ல.

கியர்பாக்ஸுக்கும் ஜெனரேட்டருக்கும் இடையேயான அலைன்மென்ட்டை லேசர் வைத்துப் பார்த்துவிடுங்கள். அடியில் இருக்கும் ரப்பர் தாங்கிகள் வயதாகி அமுங்கும், அலைன்மென்ட் தானாக நகரும். பேரிங் திரும்பத் திரும்பப் போகிற மிஷினில் பேரிங் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

படி 6: பங்குனி, சித்திரை

இனி காற்று வரும். கடைசிச் சுற்று.

எர்த் பிட்டைக் காய்ந்த மாதத்தில் அளக்க வேண்டும். மழை முடிந்த கையோடு அளந்தால் எல்லாப் பிட்டும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். 10 ஓமுக்குக் கீழே இருப்பது பொதுவான இலக்கு. கரிசலில் இது சுலபம். மலையடிவாரப் பாறைச் செம்மண்ணில் கஷ்டம், கூடுதல் பிட் தேவைப்படும்.

பிட்ச் பேட்டரியைச் சோதியுங்கள். ஈ.பி. லைன் போனால் பிளேடைத் திருப்பி மிஷினைக் காப்பாற்றுவது அதுதான். வோல்டேஜ் மட்டும் பார்த்தால் தெரியாது. பேட்டரியிலேயே பிளேடை முழுவதும் திருப்பிப் பார்த்து, மூன்றுக்கும் எடுக்கும் நேரத்தை ஒப்பிடுங்கள். ஒன்று தயங்கினால் அந்த செட்டை மாற்றுங்கள். லெட் ஆசிட் பேட்டரிக்கு வெப்பம் ஏறஏற ஆயுள் குறையும். நம்மூர் வெயிலில் அட்டையில் போட்டிருக்கும் வருடக் கணக்கை நம்ப வேண்டாம்.

ஸ்லிப் ரிங் பக்கம் மூடியைத் திறந்தால் கரித்தூள் கண்மைபோல எங்கும் படிந்திருக்கும். ஊதாதீர்கள், ஊதினால் வைண்டிங்குக்குள் போகும். வேக்குவம் வைத்து உறிஞ்சுங்கள். சீசன் முழுக்கத் தாங்குகிற நீளம் இல்லாத பிரஷ்ஷை இப்போதே மாற்றுங்கள், 'இன்னும் கொஞ்சம் இருக்கிறது' என்று விட்டு ஜூலையில் ஏற வேண்டாம். சுத்தம் செய்த பின் மெகர் வைத்து இன்சுலேஷனை அளந்து எழுதுங்கள்.

காற்றுத் திசைகாட்டி நேராக இருக்கிறதா? பத்து டிகிரி விலகியிருந்தால் மூன்று நான்கு சதவீத மின்சாரம் சத்தமில்லாமல் போகும், எந்த ஃபால்ட்டும் வராது. நாசெல்லைக் காற்றுப் பக்கம் திருப்பும் யா அமைப்பின் பிரேக் பேட், கேபிள் முறுக்கை எண்ணும் கருவி, டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் மட்டம், அதன் சிலிக்கா ஜெல் எல்லாம் ஒரு நடை பார்த்துவிடுங்கள். பேனலில் கேபிள் நுழையும் ஓட்டைகளை அடையுங்கள். பல்லியும் எறும்பும் நிறுத்திய மிஷின்கள் எவ்வளவோ. குளவிக் கூடு இருந்தால் கையால் தட்டாமல் ஆள் வைத்து எடுங்கள்.

கடற்கரையோரம், உவரி கூடங்குளம் பக்கம், இன்சுலேட்டரில் உப்பும் தூசியும் படிந்திருக்கும். வெயில் மாதங்களில் ஒன்றும் தெரியாது. முதல் சாரல் விழுந்ததும் நனைந்த உப்பு வழியாக மின்சாரம் தாவி ஃபீடர், அதாவது நம் மின்சாரம் போகும் லைன், நின்றுபோகும். உங்கள் பக்கத்து லைனில் இருப்பதைச் சாரலுக்கு முன் கழுவித் துடையுங்கள்; ஈ.பி. பக்கம் இருப்பதற்கு எழுத்தில் கேளுங்கள், வாயால் கேட்டது காற்றோடு போகும்.

படி 7: சீசனில்

இப்போது கையில் ஸ்பானர் குறைவு, கண்ணில் வேலை அதிகம். மிஷின்களின் அளவுகளைச் சேர்த்துக் காட்டும் கணினி அமைப்பான ஸ்கேடா பத்து நிமிடத்துக்கு ஒரு சராசரி தரும். அலாரம் வரும்வரை காத்திருக்காமல், ஒரே வரிசையில் நிற்கும் ஐந்தாறு மிஷின்களை ஒரே லோடில் ஒப்பிடுங்கள். எல்லாவற்றிலும் கியர்பாக்ஸ் பேரிங் 62, 63 டிகிரி என்று இருக்க, ஒன்று மட்டும் 71 காட்டினால், அலாரம் அளவு 80 என்றாலும் அதைப் பார்க்க வேண்டும். வெளியில் அடிக்கும் வெயில் எல்லாவற்றுக்கும் பொது. வித்தியாசம் அந்த மிஷினுடையது. கூலர் வலையில் தூசி அடைத்திருக்கலாம், அதைக் கழுவினாலே இறங்கிவிடும். இறங்காவிட்டால் வேறு.

முழு லோடில் ஓடும்போது ஈ.பி. ஃபீடர் போனால் மிஷினுக்கு அது பெரிய அடி. சுமை திடீரென்று இல்லாமல்போய் ரோட்டர் வேகமெடுக்கும். பிளேடு திரும்பி, பிரேக் விழுந்து, மொத்த கியர்பாக்ஸும் ஒரு குலுங்கு குலுங்கும். லைன் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஸ்டார்ட் கொடுக்கத் தோன்றும். அதற்குமுன் ஓவர்ஸ்பீட் பதிவு, அதிர்வு, பிட்ச் நேரம் மூன்றையும் ஒரு பார்வை பாருங்கள். ஒரே ஃபீடர் அடிக்கடி போனால் தேதி, நேரம், காற்று வேகத்தோடு பட்டியல் வைத்துக்கொண்டு துணைமின் நிலையத்துக்குப் போங்கள். பட்டியலோடு போகிறவனுக்குத்தான் மரியாதை.

உதிரி விஷயம். பிட்ச் கார்டு, சென்சார், ஃப்யூஸ், பிரஷ், கான்டாக்டர், ஃபேன் மோட்டார், எண்ணெய் ஃபில்டர் எல்லாம் சைட்டிலேயே இருக்க வேண்டும். சென்னையிலிருந்து வரும் பார்சலுக்குக் காத்திருக்கும் இரண்டு நாளில் அந்தக் கார்டின் விலை போய்விடும்.

செப்டம்பர் கடைசியில், காற்று தளரும்போது, எந்த மிஷினில் எந்த வெப்பநிலை போன வருடத்தைவிட ஏறியது, எந்த ஃபால்ட் திரும்பத் திரும்ப வந்தது, எந்த பிளேடு விசில் அடிக்கிறது என்று ஒரு பக்கத்துக்கு எழுதி மேலே கொடுங்கள். கிரேன் வேண்டிய மிஷின் இருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள். முப்பந்தலிலிருந்து கயத்தாறு வரை எல்லாருக்கும் கிரேன் தேவைப்படுவது தை, மாசியில்தான். தீபாவளிக்குள் சொல்லி வைத்தவனுக்குத்தான் அது வரும்.